திருமணிமுத்தாற்றுக்கு முப்பது ஆண்டு கொடுங்கள்: காலநிலை, நீரியல் அறிவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியலாளர்களே,

வணக்கம். நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சென்னை, பெங்களூரு, புனே, ரூர்க்கி என்று இந்நாட்டு நிறுவனங்களிலும், கடல் கடந்த பல்கலைக்கழகங்களிலும் மழையையும் வெப்பத்தையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்துகொண்டிருக்கும், தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் ஓடி, காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றை உங்களில் சிலராவது வாழ்நாள் ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுத் திட்டமாக வந்து போக வேண்டாம். முப்பது ஆண்டு கொடுங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே நகர்ந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அந்த வாரம் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: “கரையைக் கடந்தா புயல் பலம் குறைஞ்சிடும்னுதானே டீச்சர் படிச்சோம்? அப்புறம் இங்க எப்படி இவ்ளோ மழை?” காற்றின் வேகம் குறைவதும் மழை குறைவதும் வெவ்வேறு என்று விளக்கினேன். மெதுவாக நகரும் தாழ்வு மண்டலம் கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்றும், மலைச்சரிவு அந்த ஈரக்காற்றை மேலே தள்ளும் என்றும் சொன்னேன். அடுத்த கேள்வியும் உடனே வந்தது: “இதையெல்லாம் கண்டுபிடிக்கிறவங்க என்ன படிச்சிருப்பாங்க டீச்சர்?”

அதற்குப் பதில் தேடித்தான் உங்கள் துறையைச் சேர்ந்தவர்களின் பணிவரலாறுகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினேன். கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். வானிலையில் பழக்கமே இல்லாமல் 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பருவமழை பொய்த்துப் பஞ்சம் கண்டிருந்த நாட்டில் மழையை முன்கூட்டி அறிய வழி தேடினார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தப் பதிவுகளை வரவழைத்து, இங்கிருந்த எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டு ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் அந்த ஊசலாட்டத்தை 1920-களில் உலகுக்குச் சொன்னார். இன்று செய்தியில் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு பின்னால் நிற்கிறது.

கேரளத்துப் பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வைரத்தின், மாணிக்கத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்பதற்காக அவருக்கு முனைவர் பட்டம் தரப்படவில்லை. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அளவுக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தியது அவருடைய குழு. அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை என் மாணவிகளிடம் அடிக்கடி சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், குளிர்சாதன நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். அங்கே கசிந்துகொண்டிருந்த, குளிரூட்டப் பயன்படும் அதே வகைக் குளோரோஃபுளூரோகார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது என்று 1975-இல் காட்டியவரும் அவரே. கணிதத்திலிருந்து வந்த சுலோசனா காட்கில் பருவமழையின் இயக்கத்தை ஆராய்ந்ததோடு நிற்காமல், கர்நாடகத்தின் பாவகடாப் பக்கத்து மானாவாரி நிலக்கடலை விவசாயிகள் எப்போது விதைத்தால் நல்லது என்பதையும் ஆய்வாக எடுத்துச் செய்தார். எனக்கு அவர்மேல் தனி மதிப்பு இருப்பதற்கு இந்தக் கடைசி வேலைதான் காரணம்.

இப்படிப் படித்துக்கொண்டே உங்களில் இன்று பணியில் இருப்பவர்களின் ஆய்வு ஆர்வங்களுக்கு வந்தோம். பருவமழை மாறுபாடு, மேகமும் தூசியும், வெப்ப அலை, நிலத்தடி நீருக்கான கணினி மாதிரி, செயற்கைக்கோள் வழி நீர்க்கணக்கு என்று எல்லாமே தேவையானவை, எல்லாமே பெரியவை. 2002-இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள் இணை, நிலத்தடி நீர் குறைவதால் புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதி ஆறே ஆண்டில் 109 கன கிலோமீட்டர் நீரை இழந்ததைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குப் பல நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பு தெளிவாகத் தெரியாது. உலகக் காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது. அதற்குள் ஏற்காடும் சேலமும் மேட்டூரும் ஆத்தூரும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிற அதே மாலையில் சேலத்தில் மின்விசிறிக்கடியில் வேர்த்துக் கொட்டும். அந்த ஒற்றை எண் எந்த ஊருடையது?

உங்கள் ஆர்வங்களின் பட்டியலில் ஓர் ஊர்ப் பெயரை, ஓர் ஓடையின் பெயரைத் தேடினேன். மிகக் குறைவாகவே கிடைத்தது. அதனால்தான் எங்கள் மலையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல நினைத்தேன்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். சேர்வராயன் சிகரம் 1,600 மீட்டரையும் தாண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் புளியமரமும் முட்காடும் முடிந்து, காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் வந்துவிடும். உச்சியில் சேர்வராயன் கோயில் குகைக்குள் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். இந்த மலையின் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இம்மலையில் வாழும், மலையாளி என்று அழைக்கப்படும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள் தங்கள் வழிபாட்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மலைத்தலையில் மழைநீரை உள்வாங்கக்கூடிய செம்புரைக்கல்லும், அலுமினியத் தாதுவான பாக்சைட்டும். அதற்குக் கீழே சார்னகைட் என்ற கடும்பாறை. மேற்கே வடியும் நீர் சரபங்கா ஆறாகிறது. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு நகரத்துக்குள் வந்து சுகவனேசுவரர் கோயிலை ஒட்டிப் போகிறது. நகரத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்து வயல்களுக்குப் பாய்ந்து, காவிரியில் கலக்கிறது. மலையடியில் வெள்ளைக்கல் சுரங்கங்கள், அதாவது மேக்னசைட் பாறை. அதைத் தொட்டு வரும் தண்ணீரின் வேதியியல் வேறு. வழியில் ஏரிகள். அவற்றுள் கன்னங்குறிச்சி மூக்கனேரி, 2010-இல் ஊர்மக்களே கூடித் தூர்வாரி நடுவில் மண்திட்டுகள் அமைத்த ஏரி. சமவெளியில் மரவள்ளி, ஜவ்வரிசி ஆலைகள், தென்னை, கரும்பு. இத்தனையும் ஒரே ஆற்றின் வடிநிலத்தில். காலையில் ஊற்றுக்கண்ணில் மாதிரி எடுத்து, மாலைக்குள் காவிரிக் கரையில் கடைசி மாதிரியையும் எடுத்துவிடலாம். காடு, தோட்டம், சுரங்கம், நகரம், தொழிற்சாலை, பாசனம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கடக்கக்கூடிய ஆறு எத்தனை இருக்கிறது?

இங்கே கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துக்காரர்கள் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொழுகொம்பாகவும் சில்வர் ஓக்கை வளர்க்கிறார்கள். இந்த மரம் கோடையில் ஊற்றுகளிலிருந்து எவ்வளவு எடுக்கிறது, பழைய சோலை மரம் எவ்வளவு எடுத்திருக்கும்? மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிய இடங்களில் மேலே இருந்த செம்புரைக்கல் போன பிறகு அந்தச் சரிவுகளின் ஓடைகள் எத்தனை மாதம் ஓடுகின்றன? மாசி, பங்குனியில் பெய்யும் பூ மழை ஒரு நல்ல பாட்டம் விழுந்தால்தான் காப்பி ஒரே நேரத்தில் பூக்கும். பிறகு சில வாரத்தில் அடுத்த மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. அந்த இரண்டு மழைக்கும் இடையிலான நாட்கள் மாறிவருகின்றனவா? தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் மாலை நேரத்து இடிமழை. ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் தூறாது. நகரம் சிமெண்ட் ஆக ஆக அந்த இடிமழை எங்கே போய் விழுகிறது?

நான் அதிகம் யோசிப்பது இன்னொன்றைப் பற்றி. சேலம் நகரம் மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்கிறது. குழாயில் வந்த காவிரி குளியலறை வழியாகவும் சாக்கடை வழியாகவும் மண்ணுக்குள் இறங்குகிறது. நகரத்துக்கு அடியில் இப்போது இருப்பது எவ்வளவு மழைநீர், எவ்வளவு மேட்டூர் நீர், எவ்வளவு கழிவுநீர்? தண்ணீரில் சிறிதளவு இருக்கும் கனமான அணு வகைகளான (ஐசோடோப்புகளான) ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் அளவுகளைக் கொண்டு இதைப் பிரித்துப் பார்க்க உங்களால் முடியும். மேட்டூர் நீர் திறந்த நீர்த்தேக்கத்தில் வெயிலில் ஆவியாகி வந்தது, அதன் ஐசோடோப்புச் சாயல் உள்ளூர் மழையிலிருந்து வேறுபட வேண்டும். இப்படி ஒரு கணக்கு கையில் இருந்தால், எந்த வார்டில் மழைநீர்க் குழி தோண்டலாம், எந்த வார்டில் முதலில் சாக்கடைக் கசிவை அடைக்க வேண்டும் என்று அடித்துச் சொல்ல முடியும்.

முன்னோடி வேலைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். சேலம் அரசு கலைக் கல்லூரியின் புவியமைப்பியல் துறையினர் சரபங்கா பகுதியை ஆராய்ந்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருமணிமுத்தாற்று வடிநிலத்தின் நிலத்தடி நீர்த் தரத்தை 2010-இல் வெளியிட்டார்கள். நல்ல வேலைகள். ஆனால் ஒரு பருவத்து மாதிரி அந்தப் பருவத்தைத்தான் சொல்லும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த ஆண்டையும் ஃபெஞ்சல் வந்த ஆண்டையும் ஒரே கிணற்றில், ஒரே முறையில் அளந்திருந்தால் என்னவெல்லாம் தெரிந்திருக்கும்!

நீண்டகாலம் ஓரிடத்தில் நின்று அளந்தவர்கள்தான் உங்கள் துறையின் அடித்தளத்தைப் போட்டார்கள். சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1964-இல் பணமில்லாமல் கொஞ்ச காலம் அந்த அளவீடு நின்றே போனது. அவர் விடவில்லை. 2005-இல் அவர் மறைந்த பிறகு மகன் தொடர்கிறார். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963-இலிருந்து சிறு ஓடைகளில் உள்ளே வரும் மழையையும் வெளியே போகும் நீரையும் விடாமல் பரிசோதித்ததால்தான் வட அமெரிக்காவில் அமில மழை அம்பலத்துக்கு வந்தது. அமில மழையைத் தேடி அவர்கள் அங்கே போகவில்லை. இருந்து அளந்ததால் கண்ணில் பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன். நீலகிரியில் உதகை மண்வள ஆராய்ச்சி மையத்தினர் அருகருகே இரண்டு சிறு ஓடைப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் இரண்டையும் அப்படியே அளந்துவிட்டு, 1972-இல் ஒன்றில் மட்டும் நீலகிரித் தைலமரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் அந்த ஓடையின் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்த்த அடுத்த சுற்றில் இன்னும் குறைந்தது. தைலமரம் தண்ணீரைக் குடிக்கும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததற்கு எண் கொடுத்தவர்கள் இவர்கள். கபினி வடிநிலத்தில், பந்திப்பூர்க் காட்டுக்குள் மூலெஹொளே என்ற நான்கு சதுர கிலோமீட்டர் ஓடைப் பகுதியை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தவரும் பிரெஞ்சு அறிவியலாளர்களும் 2003 முதல் அளந்து வருகிறார்கள். மழை குறைந்த ஆண்டுகளில் மரங்கள் ஆழத்தில் சிதைந்த பாறைக்குள் இருக்கும் ஈரத்தை எடுத்துப் பிழைக்கின்றன என்பதும், அந்த ஈரம் நிரம்பும் வரை கீழே நிலத்தடி நீருக்கு அதிகம் போவதில்லை என்பதும் அங்கிருந்துதான் தெரிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு மழை பெய்ததும் “இனிமே போர் ஊறிடும்” என்று யாராவது சொன்னால் நான் யோசிக்கிறேன். காவிரிக்குத் தண்ணீர் தரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மூலெஹொளே இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளான சேர்வராயனுக்கும் கல்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் பழைய மாணவன் ஒருவன் உங்கள் துறையில்தான் இருக்கிறான். திட்டப் பணம் மூன்று ஆண்டுக்கு. அதற்குள் கட்டுரை வர வேண்டும். வராவிட்டால் அடுத்த திட்டம் இல்லை, வேலையும் இல்லை. ஓடையில் நீரளவுக் கட்டுமானம் கட்டி முதல் நல்ல பதிவு வருவதற்கே இரண்டு பருவம் போய்விடும். இப்படி இருக்கையில் இளம் ஆய்வாளர் ஒருவர் ஏற்கெனவே கிடைக்கிற செயற்கைக்கோள் தரவை எடுத்து எழுதுவதை யார் குறை சொல்ல முடியும்? ஆகவே இந்தப் பகுதியை உங்களில் மூத்தவர்களுக்கு, தேர்வுக் குழுக்களிலும் நிதி ஒதுக்கும் குழுக்களிலும் அமர்ந்திருப்பவர்களுக்கு எழுதுகிறேன். பத்தாண்டு பழுதில்லாமல் ஒரு மழைமானியையும் ஓடையையும் பராமரித்து, அந்தத் தரவைப் பொதுவில் வைத்தவரின் வேலையைப் பல கட்டுரைகளுக்கு நிகராக எண்ணுங்கள். களத்தில் கருவி பார்க்கும் உள்ளூர் உதவியாளருக்கு நிரந்தர வேலை கொடுங்கள். திட்டம் முடிந்ததும் முதலில் வீட்டுக்குப் போவது அவர். அவரோடு பதிவும் நின்றுவிடுகிறது.

நாங்கள் தரக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. மலை எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாக மழைக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு, இஞ்சிலும் (அங்குலம்) அதில் நூறில் ஒரு பங்கான சென்டிலும். என் மாமனார் எஸ்டேட் ரைட்டராக இருந்தவர். காலை எழுந்ததும் முதல் வேலை மழைமானியைப் பார்ப்பதுதான் அவருக்கு. அப்படிப்பட்ட நோட்டுகள் பங்களாக்களின் அலமாரிகளில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிப் படம் பிடித்து எண்களாக்க எங்கள் பிள்ளைகளால் முடியும். எந்தப் பதிவை நம்பலாம், எதை விடலாம் என்று சொல்லித்தர நீங்கள் வேண்டும்.

இன்னொரு புதையல் பக்கத்திலேயே இருக்கிறது. நாடெங்கும் போர் போடும் ரிக் வண்டிகளின் ஊர் திருச்செங்கோடு. ஒரு கிணற்றுக்கு எத்தனை அடியில் மண் முடிந்து கல் வந்தது, எத்தனை அடியில் வெடிப்பு வந்து தண்ணீர் பீறிட்டது, எங்கே புழுதி மட்டும் பறந்தது என்பதெல்லாம் வண்டியோட்டும் தம்பிகளுக்கு விரல் நுனியில். சேலம் மாவட்டத்தின் பல ஒன்றியங்களில் நிலத்தடி நீரை மிகையாக எடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் புதுப் போர்கள் இறங்குகின்றன. கடன் வாங்கிய விவசாயி தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பித்தான் இடம் குறிக்கிறார். அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வருவது அவர்தான். ஒவ்வொரு போரின் ஆழக் கணக்கையும் கைபேசியில் பதிவு செய்யும் எளிய ஏற்பாட்டை நீங்கள் ரிக்காரர்களோடு செய்துகொண்டால், எங்கள் பாறையின் உள்வரைபடம் சில ஆண்டுகளில் உருவாகிவிடும்.

ஒரு நிபந்தனையும் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருக் கிணற்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் வந்தால் ஆண்டுக்கொரு முறை கிராம சபையில் நின்று, அளந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். மலையாளிக் கிராமங்களில் எந்தச் சுனை எந்த மாதம் வற்றும் என்று சொல்லித்தரும் பெரியவர்களுக்கு அவர்கள் நேரத்துக்கான கூலியும், கட்டுரையில் நன்றியும் சேர வேண்டும்.

பிள்ளைகள் பக்கம் வருகிறேன். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு, இந்திய வானிலைத் துறை, புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம், ரூர்க்கி நீரியல் நிறுவனம், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். தாளில் உள்ள பெயர் அவர்களை நம்ப வைப்பதில்லை. நம் ஊர் ஆற்றில் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று ஓட்டத்தின் வேகத்தை அளப்பதைப் பார்த்தால் நம்புவார்கள். பெண்பிள்ளையைக் காட்டுக்கும் மேட்டுக்கும் எப்படி அனுப்புவது என்று தயங்கும் தாய்மாரிடம் நேரில் பேச உங்களில் சில பெண்கள் வர வேண்டும் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குவதற்குப் பெரிய பணம் வேண்டாம். மலையுச்சியிலிருந்து சமவெளி வரை வெவ்வேறு உயரங்களில் தானியங்கி மழைமானிகள், மலையில் ஒன்று, நகருக்கு மேலே ஒன்று, நகருக்குக் கீழே ஒன்று என ஆற்றின் மட்டம் பார்க்கும் கருவிகள், மாதம் ஒருமுறை அளக்கச் சில கிணறுகள். பள்ளிகளின் மொட்டைமாடிகளில் இடம் கேட்டு வாங்கித்தருவது என் பொறுப்பு. பழைய தலைமையாசிரியர்கள் பலர் எனக்குத் தெரிந்தவர்கள். தென்மேற்குப் பருவமழைக்குள் கருவிகள் நிற்க வேண்டுமானால் மார்ச்சிலேயே இடம் பார்த்துவிட வேண்டும். தேர்வு முடிந்த பிள்ளைகளும் அப்போது வீட்டில் இருப்பார்கள். வரும் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
சேலம்